ஓர் ஒற்று

"உங்கள் கணினி தகுதி பெறவில்லை" என்றது திரை,
நீல நிறத்தில், மிகுந்த மரியாதையோடு.
விசா அலுவலகக் கடிதங்களில்
இதே தொனியைப் படித்திருக்கிறேன்.

எட்டு வயது மடிக்கணினி.
வினிபெக், நோட்டர்டாம் அவென்யூ, பழம்பொருள் கடை,
தொண்ணூறு டாலர்.
இடைவெளி விசை தேய்ந்து கண்ணாடியாகிவிட்டது.
மூடியில் யாரோ ஒட்டிய ஹாக்கி ஸ்டிக்கர்
பாதி உரிந்து, பாதி பிடிவாதமாய்.
வேறென்ன குறை அதற்கு?
"புதுசு வாங்கு" என்றார் தவசீலன்,
பருப்பு முடிந்தது என்று சொல்லும் அதே குரலில்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என்னோடு போர்வை மடிக்கும் ரொமெல்
ஒரு பென்டிரைவை என் ஏப்ரன் பையில் போட்டான்.
"காசு?"
"இல்லை."
"எத்தனை நாளைக்கு?"
"எத்தனை நாளைக்கும்."
சும்மா வரும் எதற்கும் பின்னால் ஒரு பில் வரும்:
இந்த நாட்டின் போன் கம்பெனிகள்
எனக்கு முதலில் கற்றுத் தந்தது அதைத்தான்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கார் எஞ்சினுக்கு வயர் செருகியிருந்தது,
மடிக்கணினிக்கும் செருகினேன்.
விடியுமுன் இரண்டும் உயிர்த்தால் போதும்.

அழிக்கட்டுமா என்று கேட்டது.
அழி.
நிச்சயமாகவா?
படங்களை மூன்று இடத்தில் எடுத்து வைத்திருந்தும்
வயிற்றுக்குள் ஏதோ வழுக்கி இறங்கியது.

இருபது நிமிடத்தில் எழும்பியது, வைஃபை இல்லாமல்.
மூன்று இரவுகள்
போனைக் கேபிளில் கட்டி இணையத்தை இறைத்தேன்.
கறுப்பு யன்னல் கடவுச்சொல் கேட்டது.
தட்டினால் ஒரு புள்ளியும் விழவில்லை.
விசைப்பலகை செத்துவிட்டதென்று
நான்கு தடவை தட்டினேன்.
பிறகுதான் புரிந்தது,
அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, தலையாட்டாமல்.
அப்படி ஒருவரோடு பதினாறு வருடம் வாழ்பவளுக்கு
உடனே விளங்கியிருக்க வேண்டும்.

பிரிண்டர் மட்டும் அதிசயம்.
நான் ஒன்றும் செய்யாமலே வரிப்படிவத்தைத் துப்பியது.
தவசீலன் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
கள்ளநோட்டோ என்பதுபோல்.

மொழி: தமிழ் என்று தெரிந்தெடுத்தேன், ஒரு வீம்புக்கு.
பாதி தமிழானது, மீதி ஆங்கிலத்திலேயே நின்றது,
என் மகளின் வாக்கியங்கள்போல்.
குப்பைத்தொட்டி. சேமி. வெளியேறு.
யாரோ இருந்து எழுதியிருக்கிறார்கள் இவற்றை,
சம்பளமில்லாமல், சோறு ஆறிக்கொண்டிருக்க,
'சேமி' என்பதா, 'காத்துவை' என்பதா என்று
இன்னொருவரோடு மல்லுக்கட்டி.

ஓரிடத்தில் கண் இடறியது:
"கோப்பை திற."
எந்தக் கோப்பையை?
மேசையில் என் கோப்பி மூடியோடுதான் இருந்தது.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.
ஒரு 'த்' போதும், அது கோப்பாக.
கடையில் வாங்கிய சாமான் என்றால்
குறை சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன்.
இதற்கோ கதவே இல்லை, தட்டிவிட்டு ஓட.
பெயர், மின்னஞ்சல், திருத்தம்.
காரணம் என்ற கட்டத்தில்
இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு வந்தால்
வலி மிகும் என்று எழுதினேன்.
பரீட்சை மண்டபத்தைவிட்டு அந்த விதி
முதல்முறை வெளியே வந்து ஒரு வேலை பார்த்தது.

ஐந்து மாதம் பதிலில்லை.
ஆற்றில் பனி உடைந்தது. நுளம்பு வந்தது.
ரொமெல் பிராண்டனுக்கு மாறிப் போனான்.

ஒரு செவ்வாய், வேலை முடிந்து
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
புதுப்பித்தல்கள்: நூற்றுப்பதினேழு.
சரி என்றேன்.
மறுபடி எழும்பியபோது
"கோப்பைத் திற."

என் த்.
தலையில் புள்ளியோடு,
சந்தில் ஒதுங்கி நிற்கும் சின்ன எழுத்து.
இன்னும் எந்தெந்த ஊர் மேசைகளில்
இந்நேரம் நிற்கிறதோ.

தவசீலனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"எது?"
"இது."
"இது முதலே இப்படித்தானே இருந்தது."

அதே புதுப்பித்தலில் ஒலி போய்விட்டது.
பாட்டுப் போட்டால் வாயசைவு மட்டும்.
கோப்பியைச் சூடாக்கிக்கொண்டு வந்து
கறுப்பு யன்னலைத் திறந்தேன்.
கடவுச்சொல்லைத் தட்டினேன்.
ஒரு புள்ளியும் விழவில்லை.